ஃபேன் சத்தம் கேட்காத ராத்திரி

"அண்ணே, கார்டு வேலை செஞ்சா ஃபேன் சுத்தணும்ல?"

2023 ஆவணி. முதல் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போனில் கேட்ட கேள்வி இது. சித்தி மகன். திண்டுக்கல்லில் இருக்கிறான். கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்பவர்களுக்கு, மேடை எப்படி வரும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவன் தொழில். பெண் வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரி என்பார்கள், முன்பணமும் அப்புறம்தான் கைமாறும். அன்றைக்கு ராத்திரிக்குள் முப்பது விநாடி வீடியோ ஒன்று ரெண்டர் ஆகியிருக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும், ஒவ்வொரு படத்தையும், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்து முடித்திருக்க வேண்டும். ஃப்ரேம் நகரவில்லை. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதம் வேலை செய்வதாகத் திரை சொல்கிறது, ஆனால் பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை, தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை என்றான்.

அந்தக் கார்டை அவனுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அதனால்தான் இரண்டு வருடம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்குள் அடங்கவில்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுவது பற்றி இணையத்தில் எத்தனையோ பட்டியல்கள் இருக்கின்றன. நானும் பதினைந்து வருடமாக அவற்றைப் படித்து, அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தவன். அன்று ராத்திரி வரைக்கும் எனக்கு ஒப்பிடத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்த பட்டியல்

ஆடி மாதத்தில் கல்யாண வேலை இருக்காது. கடைகளில் தள்ளுபடி இருக்கும். தம்பி கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. பழைய 4 ஜிபி கார்டை மாற்றிவிடலாம் என்று கேட்டபோது எதிரே இரண்டு பெயர்கள் நின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, அதே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060. முன்னது 2021 பிப்ரவரியில் வந்தது, மெமரி 12 ஜிபி. பின்னது 2023 ஜூன் கடைசியில் வந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுசு, மெமரி 8 ஜிபி. அமெரிக்காவில் அறிவித்த விலை முன்னதற்கு 329 டாலர், பின்னதற்கு 299. நம் ஊர்க் கடையில் இரண்டுக்கும் ஒன்றிரண்டாயிரம்தான் வித்தியாசம் சொன்னார்கள்.

நான் முறையாகவே உட்கார்ந்தேன். நான்கைந்து ஆய்வுகளைத் திறந்து வைத்து, ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன். 1080பி திரையில் விளையாட்டுகளின் சராசரி எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்: 4060 முன்னால். நடுநடுவே செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் போன்ற வித்தைகளைச் சேர்க்காமலே சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் என்று நிறுவனமே சொல்லியிருந்தது, மற்றவர்களின் சோதனைகளும் அதற்குப் பக்கத்தில்தான் வந்தன. தம்பி மேடை கட்டும் மென்பொருளான ப்ளெண்டரில் ரெண்டர்: அதிலும் 4060 முன்னால், விளையாட்டை விடவும் நல்ல இடைவெளியில். மின்சாரம்: 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட். தம்பி வீட்டில் இருப்பது 600 விஏ யூபிஎஸ். கரண்ட் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேவ் செய்கிற ரகம். அதில் 55 வாட் மிச்சம் என்பது சும்மா இல்லை. வேகம் கூட, மின்சாரம் குறைவு, விலையும் ஏறக்குறைய ஒன்று. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

தம்பிதான் ஒன்று கேட்டான். "அண்ணே, இதுல 12-ன்னு போட்டிருக்கு, அதுல 8-ன்னு போட்டிருக்கு. கூட இருக்கிறது நல்லதில்லையா?"

"மெமரி கூட இருந்தா வேகம் கூடன்னு அர்த்தம் இல்லப்பா" என்றேன். 4060-ஐயே வாங்கினோம்.

அந்த வாக்கியத்தில் தப்பில்லை. இப்போதும் அதே வாக்கியத்தைச் சொல்வேன். ஆனால் அவன் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தன் வேலை அதில் அடங்குமா என்று, அவனுக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்டான். எனக்கு அது காதில் விழவில்லை. பட்டியல் கையில் இருந்ததால், எதிரில் இருந்தவனின் கேள்விக்குப் பதிலாகப் பட்டியலின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இதுதான் என்னை உறுத்துகிறது. தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியது

போனில் ஒரு மணி நேரம் பேசியும் பிடி கிடைக்கவில்லை. டிரைவரை மாற்றிப் பார்த்தான், ப்ளெண்டரை மறுபடி நிறுவிப் பார்த்தான். மறுநாள் காலை என் கம்ப்யூட்டரிலிருந்த கார்டைக் கழற்றி, அதன் பழைய சில்வர் உறையில் போட்டு, துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். என்னுடையது 3060. இரண்டு வருடம் பழையது. கார்டே பழுது என்றால் மாற்றிப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

போய்ச் சேர்ந்ததும் சித்தி காபி கொடுத்தார். தம்பியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய், ரெண்டரை ஓடவிடச் சொன்னேன். அந்தப் பக்கத்தின் கீழே இரண்டு கோடுகள் ஓடும். மேலே இருப்பது கார்டின் சொந்த மெமரி. அதற்குக் கீழே ஷேர்ட் மெமரி என்று ஒன்று, அதாவது கார்டு தன் இடம் போதாமல் கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்து கடன் வாங்கிய அளவு. நல்ல நாளில் இந்த இரண்டாவது கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் கோடு மடமடவென்று ஏறி 8 ஜிபியின் கூரையைத் தொட்டு அப்படியே மட்டமாகப் படுத்தது. அடுத்த விநாடி கீழ்க் கோடு தலை தூக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றரை. அங்கே நின்றது. கார்டின் வெப்பம் 46 டிகிரி. ஆடி போய் ஆவணி வந்தும் வெயில் குறையாத திண்டுக்கல் அறையில், ரெண்டர் ஓடும் கார்டுக்கு அது வெப்பமே இல்லை. அதனால்தான் ஃபேன் சுற்றவில்லை. இந்தக் கார்டுகளில் சூடு ஒரு அளவைத் தாண்டினால்தான் ஃபேன் புறப்படும்.

நூறு சதவீதம் என்று காட்டியது பொய்யில்லை. கார்டு வேலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கணக்குப் போடும் பாகத்துக்குச் சரக்கு வந்து சேரவில்லை. பெட்டி அவ்வளவு அமைதியாக இருந்ததற்குக் காரணம் அந்தக் காத்திருப்பு.

கல்யாண சமையலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மாஸ்டர் கோட்டை அடுப்பின் முன்னால் நிற்கிறார். கையெட்டும் தூரத்தில் புளி, பருப்பு, நறுக்கிய காய், தாளிக்கிற சாமான் எல்லாம் தட்டுகளில் இருக்கின்றன. இருக்கும்வரை அவர் கை நிற்காது. தட்டு வைக்க இடம் போதாமல் பாதிச் சாமான் உக்கிராணத்திலேயே இருந்துவிட்டால், ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பையன் பின்கட்டு வரை ஓடி எடுத்து வர வேண்டும். மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அப்போது சமையல் பையனின் ஓட்டத்தில்தான் நடக்கும். கார்டின் மெமரி, கையெட்டும் தட்டு. கம்ப்யூட்டரின் பொது மெமரி, உக்கிராணம். நடுவில் உள்ள வழிதான் மதர்போர்டில் கார்டைச் செருகுகிற பிசிஐஇ ஸ்லாட்.

அந்த வழியின் அகலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 4060 தன் மெமரியிலிருந்து விநாடிக்கு 272 ஜிபி வரை எடுக்க முடியும். ஆனால் அந்தக் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தடங்கள் எட்டுதான். 3060-க்குப் பதினாறு. புது மதர்போர்டில் எட்டுத் தடமே போதும், பிசிஐஇ நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு தடமும் இரட்டிப்பு வேகம். தம்பியுடையதோ பி450 மதர்போர்டு, ரைசன் 5 3600 ப்ராசஸர். மூன்றாம் தலைமுறைத் தடம். எட்டுத் தடத்தையும் சேர்த்தால் விநாடிக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 272 எங்கே, 8 எங்கே. முப்பத்து நான்கில் ஒரு பங்கு. மூன்றரை ஜிபி சரக்கு அந்தச் சந்து வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

தடம் எட்டு என்பது நான் படித்த ஆய்வுகளில் எழுதியிருந்தது. படித்தேன், விளையாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அங்கேயே எழுதியிருந்ததால் கடந்து போய்விட்டேன். அவன் மதர்போர்டு என்ன என்று எனக்குத் தெரியும், அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு தகவலும் என் தலையிலேயே இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஒரு மேடைக்கு எவ்வளவு இடம் வேண்டும்

அவன் ஃபைலைத் திறந்து காட்டினான். அழகாகச் செய்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். நடுவில் இருவர் உட்காரும் ஊஞ்சல், பின்னால் கோயில் கோபுரம் போல அடுக்கிய வளைவு, இரண்டு பக்கமும் வாழை, மேலிருந்து சரம் சரமாகத் தொங்கும் செவ்வந்தி. ஒவ்வொரு பூவும் தனித்தனியாக விளக்கொளியில் மினுங்கியது. மேடைத் தரைக்குக் கம்பளம், தூணுக்குப் பித்தளை, திரைக்குப் பட்டுத் துணி என்று இருபத்து நான்கு வகைப் பரப்புகள். எல்லாவற்றுக்கும் 4கே டெக்ஸ்சர், அதாவது பரப்பின் மேல் போர்த்தும் படம்.

அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டோம். 4கே டெக்ஸ்சர் என்றால் 4096-க்கு 4096. பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சம் புள்ளிகளுக்கு மேல். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 64 எம்பி. டிஸ்க்கில் ஜேபெக்காக நாலைந்து எம்பிதான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் தம்பி இது சின்ன ஃபைல் என்று நினைத்திருந்தான். ரெண்டருக்காகக் கார்டுக்குள் போகும்போது அது சுருக்கம் நீங்கி முழுதாக விரியும். ஒரு பரப்புக்கு நிறத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, ஒளி திரும்பும் சாய்வுக்கு ஒன்று என நான்கு படம். 256 எம்பி. இருபத்து நான்கு பரப்புக்கு 6144 எம்பி, கச்சிதமாக 6 ஜிபி. பூக்களின் வடிவம் இதில் சேரவே இல்லை. பூச்சரங்களை அவன் நகல் எடுத்து எடுத்துப் போட்டிருந்தான், ஒவ்வொரு நகலும் தனிப் பூவாக இடம் பிடித்தது. விண்டோஸும் திரைக்காகத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து பதினொன்றரைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

பதினொன்றரை. எட்டுக்கு மேலே, பன்னிரண்டுக்குக் கீழே. அவன் கேட்ட கேள்விக்கு, அவன் கேட்ட அதே இரண்டு எண்களுக்கு நடுவில், பதில் உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து 4060-ஐக் கழற்றி என் பழைய கார்டைச் செருகினோம். ஸ்லாட்டின் கொண்டி 'டக்' என்று விழுந்தது, எட்டு முனை ஒயரை மாட்டி, கேபினட்டை மூடாமலே ஆன் செய்தோம். டிரைவர் ஏற்றிக்கொள்ள இரண்டு நிமிடம். அதே ஃபைல், அதே ஃப்ரேம். மேல் கோடு ஏறியது, எட்டைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பதினொன்றரையில் நின்றது. கீழ்க் கோடு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் முனக ஆரம்பித்தது. அறுபது டிகிரி, அறுபத்தைந்து. அந்த இரைச்சலைக் கேட்டதும் தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். முந்தின ராத்திரி ஒரு ஃப்ரேமுக்கு ஒன்பது நிமிடம் எடுத்தது, இப்போது ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. பட்டியலில் மெதுவான கார்டு, ஆறு மடங்கு முன்னால் போய்விட்டது.

பட்டியல் எதை அளக்கிறது

ஊர் திரும்பியதும் நான் படித்த ஆய்வுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதிலும் பொய்யில்லை. எல்லாரும் பொறுமையாக உழைத்து அளந்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனைகள் பெரும்பாலும் 8 ஜிபிக்குள் அடங்குபவை, 1080பி திரைக்கான கார்டை 1080பி அமைப்பில் சோதிப்பதுதான் நியாயமும்கூட. அடங்கிவிட்டால் மீதி நான்கு ஜிபி சும்மா கிடக்கும், பட்டியலில் அதற்கு மதிப்பெண் கிடையாது. மெமரியின் இயல்பே அப்படி. கணக்குப் போடும் வேகம் என்பது சாலை போல, கொஞ்சம் அகலமானால் கொஞ்சம் வேகம். மெமரி கிணற்று மேடு போல. விளிம்பு வரை நடந்தாலும் ஒன்றும் தெரியாது, அடுத்த அடியில் கால் இருக்காது. விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை முறை அளந்தாலும் கிணறு இருப்பது அளவில் வராது.

சராசரி என்ற எண்ணிலும் இதே சிக்கல் உண்டு, அது கொஞ்சம் பழைய கதை. விளையாட்டில் ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி என்று நாம் வகுத்துக்கொள்கிறோம். ஆனால் 59 ஃப்ரேம் தலா 10 மில்லி விநாடியில் வந்து, மிச்சம் ஒன்று மட்டும் 410 மில்லி விநாடி எடுத்தாலும் கூட்டுத்தொகை அதே ஒரு விநாடி, அதே 60. பட்டியலில் இரண்டும் ஒரே உயரக் கம்பி. விளையாடுகிறவனுக்கோ முன்னது வெண்ணெய், பின்னது சோற்றில் கல். டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் 2011-இல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாக எடுத்து வைத்துக் காட்டினார். அதுவரை சமம் என்று நினைத்த கார்டுகள் சமமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வுகளில் சராசரிக்குப் பக்கத்தில், மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைக் காட்டும் 'ஒரு சதவீத லோ' என்று இன்னொரு கம்பி இருப்பதற்கு அந்த வேலை ஒரு பெரிய காரணம். ஓர் எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்ட ஒருவரால் ஒரு துறையே அளக்கும் விதத்தை மாற்றிக்கொண்டது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

அந்த இரண்டாவது கம்பியும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. சில விளையாட்டுகள் மெமரி போதாவிட்டால் திணறுவதில்லை, சத்தமில்லாமல் மங்கலான டெக்ஸ்சரை மாற்றிப் போட்டுக்கொள்கின்றன. எஃப்பிஎஸ் அப்படியே இருக்கும், சுவரும் முகமும் களிமண்ணாகத் தெரியும். இரண்டு கார்டும் ஒரே படத்தைத்தான் வரைகின்றனவா என்று பார்க்காமல் வேகத்தை மட்டும் ஒப்பிட்டால், பாதி விடைத்தாளை எழுதியவன் சீக்கிரம் முடித்தான் என்று பாராட்டுவது போல ஆகிவிடும்.

சரி, புதுக் கார்டுக்கு ஏன் குறைந்த மெமரி? இதை ஒரு சதியாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அந்தத் தலைமுறையில் மெமரி சில்லுகள் 1 ஜிபி அல்லது 2 ஜிபி அளவில் வந்தன. ஒவ்வொரு சில்லுக்கும் 32 பிட் வழி வேண்டும். 3060-இன் வழி 192 பிட், ஆகவே ஆறு சில்லு. ஆறு ஜிபி வைக்கலாம், இல்லை பன்னிரண்டு. ஆறு என்பது 2021-லேயே குறைவு, அதனால் பன்னிரண்டு. 4060-இன் வழி 128 பிட், நான்கு சில்லு, எட்டு ஜிபி. குறுகிய வழிக்கு ஈடாக சில்லுக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சின்னச் சேமிப்பிடத்தை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக்கினார்கள். மெமரிக்குப் போகும் நடை குறைகிறது, மின்சாரம் மிச்சமாகிறது. 360 ஜிபி வேகத்திலிருந்து 272-க்கு இறங்கியும் 4060 வேகமாக இருப்பதில் அதற்கும் பங்குண்டு. நல்ல பொறியியல்தான். ஆனால் கேஷ் நடையைத்தான் குறைக்கும், இடத்தைப் பெருக்காது. சில்லுகளைப் பலகையின் இரண்டு பக்கமும் ஒட்டி இதே 128 பிட்டில் 16 ஜிபி கொடுத்த 4060 டிஐயும் 2023 ஜூலையில் வந்தது, 499 டாலருக்கு. தம்பியின் கைக்கு அது எட்டாது. 3060 என்ற பெயரிலேயே 2022-இல் 128 பிட்டும் 8 ஜிபியுமாக இன்னொரு கார்டும் வந்தது. பெட்டியின் மூலையிலிருக்கும் எண்ணைப் படிக்காமல் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

யூபிஎஸ் கத்தியது

அந்த முகூர்த்த வேலை என் கார்டில் முடிந்தது. கார்டு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தம்பி கூப்பிட்டான். கரண்ட் போய், ரெண்டர் ஓடும்போது யூபிஎஸ் நிற்காமல் கத்தி, சேவ் செய்வதற்குள் அணைந்துவிட்டதாம். 55 வாட் என்று நான் தாளில் எழுதியதும் உண்மைதான் என்று அப்போது தெரிந்தது. அடுத்த வாரம் அவன் பெரிய யூபிஎஸ் வாங்கினான். பாதிப் பணம் நான் கொடுத்தேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான், நான் கேட்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒருபக்கப் பட்டியலாகிவிடும். அந்த வாரக் கடைசியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மேடை ஃபைலைச் சுத்தம் செய்தோம். தூரத்தில் தெரியும் திரைக்கும் தூணுக்கும் 4கே எதற்கு? 2கே ஆக்கினால் 64 எம்பி படம் 16 எம்பி ஆகிவிடுகிறது. பூச்சரங்களை நகலாக இல்லாமல் இன்ஸ்டன்ஸாக மாற்றினோம். அதாவது ஒரே பூவை மெமரியில் ஒருமுறை வைத்து, ஆயிரம் இடத்தில் அதையே காட்டச் சொல்வது. பதினொன்றரை இருந்தது ஐந்தே முக்கால் ஆனது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, சித்தியைக் கூப்பிட்டு இரண்டு படத்தையும் காட்டினோம், எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த மெலிந்த ஃபைலை இரண்டு கார்டிலும் மாற்றி மாற்றி ஓட்டியபோது 4060 தெளிவாக முந்தியது. ஃபேனும் சுற்றியது. அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால் என் தாளில் எழுதியது அத்தனையும் சரி என்று நான் நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன்.

அப்படியானால் 4060-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்றேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்ணே, முகூர்த்தத்துக்கு முதநாள் டெக்கரேஷன்காரர் வந்து, 'தம்பி, இந்த ஓரத்துல ஒரு மயில் வைங்க, அந்தப் பக்கம் ஒரு நீரூற்று வைங்க'ன்னு நிப்பாரு. அப்ப நான் எதைக் குறைக்கலாம்னு கணக்கு போட்டுக்கிட்டு இருக்க முடியாதுண்ணே. வச்சா ஓடணும். லேட்டா ஓடினாலும் ஓடணும்."

ஒப்பீடு என்று நான் பதினைந்து வருடமாகச் செய்துவந்ததில் இந்தக் கட்டமே கிடையாது. வேகமான நாளில் எவ்வளவு வேகம் என்பது என் கட்டம். மோசமான நாளில் கைவிடாமல் இருக்குமா என்பது அவனுடையது. மயில் எப்போது வரும் என்று அவனுக்குத்தான் தெரியும். அந்தத் தொழிலில் அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு வருடம் பழைய, மெதுவான, சூடான 3060-தான் பெரிய கார்டு.

கார்டுகளை மாற்றிக்கொண்டோம். என் 3060 அவனிடம், அவனுடைய 4060 என்னிடம். என் வேலையெல்லாம் எழுத்தும் கோடும்தான், மாலையில் பையனோடு ஒரு மணி நேரம் விளையாட்டு, 1080பி திரை. எட்டில் ஐந்தைத் தாண்டினாலே அபூர்வம். எனக்குப் புதுக் கார்டு வந்தது ஒருவகையில் லாபம் என்று வீட்டில் சொன்னார்கள், அந்தப் பேச்சு மட்டும் இன்றுவரை எனக்கு ஒப்பவில்லை. விலை வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்.

இப்போது யாராவது கார்டைப் பற்றிக் கேட்டால், உங்கள் வேலையில் மிகக் கனமான ஃபைல் எதுவோ அதைத் திறந்து, டாஸ்க் மேனேஜரில் அந்த இரண்டு கோட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள் என்கிறேன். மதர்போர்டு எது, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், யூபிஎஸ் உண்டா என்றும் கேட்கிறேன். பலருக்கு இது அலுப்பாக இருக்கிறது, எது பெஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்கிறேன்.

போன மாதம் திண்டுக்கல் போயிருந்தேன். தம்பி வெளியே போயிருந்தான். அறைக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய கார்டின் ஃபேனில் ஒரு பக்கம் லேசாக ஒரு கரகரப்பு உண்டு, என் வீட்டில் இருந்தபோதே வந்தது. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. சித்தி கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சித்தி, இருக்கட்டும் என்றேன்.